பழுது பார்த்த கையே படைத்த கை

விலை கொடுத்துப் பொறியை வாங்கியவன் பொறிக்கு உடையவன் ஆகலாம். அதனைச் செய்யும் அறிவுக்கு உடையவன் ஆகான். பொறி நின்றுபோகும் நாளில்தான் அவன் வறுமை வெளிப்படும். ஓர் உறுப்புத் தேய்ந்தாலும் அவன் கடல் கடந்து ஓலை போக்கிக் காத்திருத்தல் வேண்டும். இவ்வறுமையை ஒரு சிறு பட்டறையினர் தம் கையால் ஒழித்த வரலாறே சப்பான் நாட்டு இட்டாச்சி மின்பொறி நிறுவனத்தின் வரலாறு.

தோக்கியோவுக்கு வடகிழக்கே, இட்டாச்சி என்னும் ஊரில் ஒரு செம்புச் சுரங்கம் இருந்தது. தலைநகரில் மின்விளக்கு நிறுவனமொன்றில் தமக்கிருந்த நல்ல பணியை விட்டு, 1906இல் அச்சுரங்கத்திற்கு வந்து சேர்ந்தார் நமிகேய் ஒதைரா என்னும் மின்பொறிஞர். அங்கு இயங்கியவை அயல்நாட்டுப் பொறிகள். அவற்றைச் செப்பனிடுவதே அவர்தம் பட்டறைக்கு இட்ட வேலை. பழுது பார்க்கப் பார்க்கப் பொறியின் உள்ளமைப்புக் கைவந்தது. கைவந்ததைச் செய்துபார்க்கும் துணிவும் பிறந்தது. 1910இல், 5 குதிரைத்திறன் கொண்ட மூன்று மின்னியக்கிகள் அப்பட்டறையிலேயே உருவாயின. அவ்வாண்டிலேயே தொழில் பழகுநர்க்கு ஒரு பயிற்சிப்பள்ளியும் தொடங்கப்பெற்றது. பொறியைச் செய்ததோடு அமையாது, பொறி செய்யும் கைகளையும் உருவாக்க முனைந்த அந்நோக்கு எண்ணி எண்ணிப் போற்றத்தக்கது.

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. மேலைநாட்டுப் பொறிகளின் வரவு தடைப்பட்டது. அயற்பொறியையே நம்பியிருந்தோர் உள்நாட்டுப் பட்டறையை நாடினர். 1915இல் 10,000 குதிரைத்திறன் கொண்ட நீர்ச்சுழலியை இட்டாச்சியார் செய்து முடித்தனர். ஐந்திலிருந்து பதினாயிரத்திற்கு ஐந்தே ஆண்டுகள்! போர் வந்தபின் பயிலத் தொடங்கியிருந்தால் இஃது இயன்றிருக்குமா? 1919இல் தொழிற்சாலையைத் தீ தின்றது. எனினும், அடுத்த ஆண்டே சுரங்கத்தினின்று பிரிந்து தனி நிறுவனமாக நிமிர்ந்தனர். 1924இல் தொடர்வண்டியை இழுக்கும் பெரிய மின்பொறியைச் செய்தனர். 1926இல் அமெரிக்காவுக்கே மின்விசிறி அனுப்பினர்.

அந்நாளில் சப்பானிய நிறுவனங்கள் பல, அயலார் தோளைப் பற்றியே நடந்தன. சிபௌரா நிறுவனம் அமெரிக்க நிறுவனமொன்றோடு சேர்ந்தது. 1923இல் தோன்றிய பூசி நிறுவனத்தின் பெயரிலேயே, புருக்காவா என்பதன் முதலெழுத்தோடு செருமானியச் சீமென்சின் முதலெழுத்தும் கலந்து நிற்கிறது. இட்டாச்சியோ தன் ஊர்ப்பெயரையே தன் பெயராகக் கொண்டது. ‘ஞாயிறு’, ‘எழுதல்’ எனப் பொருள்படும் அப்பெயரின் ஈரெழுத்துகளையே இணைத்து, ஒரு வட்டத்துள் பொறித்துத் தன் வணிகக்குறியாக்கியது.

பின்னாளில் இட்டாச்சியும் அமெரிக்க நிறுவனங்களோடு நுட்ப உடன்பாடு செய்துகொண்டதே என்று சிலர் வினவலாம். உண்மைதான். ஆயின், செய்யத் தெரிந்தவன் பிறனிடம் கற்பது வேறு. செய்யத் தெரியாதவன் பிறன் வாயிலில் நிற்பது வேறு. முன்னவன் கற்றதைத் தன் திறத்தோடு சேர்த்துக்கொள்வான். பின்னவன் கொடுத்ததைப் பெற்று மீள்வான்.

ஒரு குறையையும் மறைத்தல் ஆகாது. சப்பானியப் பேரரசு பிற நாடுகளின்மேல் படையெடுத்த காலத்தில், இந்நிறுவனத்தின் கைத்திறனும் அப்போருக்குப் பயன்பட்டது. 1945 சூன் 10ஆம் நாள் இட்டாச்சித் தொழிற்சாலையின்மேல் குண்டுகள் விழுந்தன. தொழிலாளர் பலர் மாண்டனர். தன்னாக்கம் ஓரினத்தைத் தலைநிமிரச் செய்யும். அதனைப் பிறரை அடக்கும் வெறிக்கு ஒப்படைத்தால், பழியும் அழிவுமே எஞ்சும்.

இவ்வரலாறு கற்பிப்பது எளிய பாடமே. பிறர் செய்த பொறியை வாங்குதல் இழிவன்று. வாங்கியதைத் திறந்து பாராமலே காலமெல்லாம் வாங்கிக்கொண்டிருத்தலே இழிவு. பழுது பார்க்கும் பட்டறையை இழிவாக எண்ணும் நாடு, படைக்கும் பட்டறையை ஒருநாளும் காணாது.