இறந்த பிறகுதான் கதாநாயகியா?

பேய்களும் ஆவிகளும் காதல் புரியும் கதைகள் நம் இளையோர் கைகளில் மிகுதியாகப் புழங்குகின்றன என்பது பெற்றோர் பலரின் முறையீடு. மாத நாவலாகவும் திரைப்படமாகவும் இப்போது கைப்பேசித் தொடராகவும் அவை வருகின்றன. மூடநம்பிக்கையை வளர்க்கும் இவற்றை இல்லங்களிலிருந்து அகற்றச் சொல்லுமாறு நம்மை வேண்டுகின்றனர். நமக்கு இதில் உடன்பாடில்லை. ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூக்குரலிட்டது என்று கேட்டு வளர்ந்த நாம், மாண்டவர் பேசும் கதையைக் கண்டு மருள வேண்டியதில்லை. நம் வழக்கு வேறு. அக்கதைகளில் யார் பேயாக்கப்படுகிறார், யார் மணமகனாக்கப்படுகிறார் என்பதே நம் கேள்வி.

மேல்நாட்டில் நடந்ததை முதலில் பார்ப்போம். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய ‘டிராகுலா’வில் இரத்தம் குடிப்பவன் விரட்டி அழிக்கப்பட வேண்டியவன். ஸ்டெஃபனி மேயர் 2005இல் வெளியிட்ட ‘ட்வைலைட்’டில் அவனே காதலன். நூறாண்டைக் கடந்தும் பதினேழு வயதுத் தோற்றம், பேரழகு. பெண் அறியாமல் இரவில் அவள் அறைக்குள் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்த்து நிற்கிறான். இதைக் காதலின் ஆழமாகக் கொள்ளுமாறு வாசகியிடம் சொல்லப்படுகிறது. அவன் தன் குருதித் தாகத்தை அடக்கிக்கொள்கிறான் என்பது மெய்யே. ஆயினும் தன்னைக் கொல்லாதிருப்பதையே ஒருவன் அன்பின் சான்றாக ஏற்கப் பெண் பழகிவிட்டால், அவளுடைய திருமண வாழ்வு எப்படியிருக்கும்? குடித்துவிட்டு வரும் கணவன் ‘இன்று அடிக்கவில்லை’ என்று ஆறுதல் கொள்ளும் பெண்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டுப் பேய்க்கதை இதற்கு நேர்மாறான இடத்தில் பிறந்தது. அதற்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. முசரவாக்கத்திலிருந்தும் காஞ்சியைச் சுற்றியுள்ள பிற ஊர்களிலிருந்தும் வடக்கே அரக்கோணம் சென்று, திருவள்ளூர் நோக்கித் திரும்பினால் திருவாலங்காடு. அதை அடுத்தது பழையனூர். நீலியின் ஊர். கதை பல வடிவங்களில் வழங்குகிறது, கரு ஒன்றே. மனைவி உண்டென்பதை மறைத்து வேறொருத்தியை மணந்தவன், ஊர் திரும்பும் வழியில் அவளைக் காட்டில் கொன்றுவிடுகிறான். மறுபிறப்பில் அவன் காஞ்சி நகரத்து வணிகன். அவள் பேய். கள்ளிக் கொம்பை ஒடித்துக் குழந்தையாக இடுப்பில் ஏந்தி, அவன் மனைவியாகவே வந்து ஊரவை முன் நிற்கிறாள். ‘இவள் பேய்’ என்று அவன் கதறுகிறான். ‘என்னைக் கைவிடப் பார்க்கிறான்’ என்று அவள் அழுகிறாள். வேளாளர் எழுபதின்மரும் அவள் கண்ணீரை நம்பி, அவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தம் உயிரைத் தருவதாக வாக்களித்து, அன்றிரவு இருவரையும் ஒன்றாகத் தங்க வைக்கிறார்கள். விடியும்போது அவன் பிணம். எழுபதின்மரும் தீப்பாய்கிறார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும் எவரும் எழுபதின்மரின் வாய்மையைப் போற்றுவர். போற்றத்தக்கதே. ஆனால் அவளுக்கு மொழி தந்த பரிசு என்ன? ‘நீலிக் கண்ணீர்’ என்னும் தொடர். பொய்யழுகைக்கு அதுவே பெயராயிற்று. அவள் அவையில் சொன்னது வேடமாயிருக்கலாம்; அவள் கொல்லப்பட்டது வேடமன்று. மனைவியைக் கொன்றவனுடைய பெயரால் ஒரு மரபுத்தொடர் தமிழில் உண்டா? அழுதவளின் பெயர் மட்டுமே வசையாக நிலைத்தது. இன்றும் காவல் நிலையத்திலும் குடும்ப நீதிமன்றத்திலும், ஏன், நம் பங்கு மன்றத்திலும் ஒரு பெண் கண்ணீர் விட்டால் அத்தொடர் யாரேனும் ஒருவர் நாவில் எழுகிறது.

சமண முனிவர் ஒருவர் இவளை வேறு கண்ணால் பார்த்தார். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில், பழையனூர் நீலி ஒரு துறவியை அச்சுறுத்திப் பார்த்து, பின் பெண்ணழகால் மயக்கப் பார்த்து, இரண்டிலும் தோற்று, அவரிடமே அறம் கேட்கிறாள். அதன்பின் அவள் வாதிடப் புறப்படுகிறாள். பௌத்தரையும் வேதவாதியரையும் பூதவாதியரையும் சொல்லால் வெல்கிறாள். அந்நூலை 1936இல் ஆ. சக்கரவர்த்தி அச்சேற்றினார். அதன் சமயக் கருத்துகளில் நமக்கு முரண்பாடு உண்டு. ஆனால் பேய் என்று ஒதுக்கப்பட்டவளுக்கு அறிவும் நாவும் தந்த துணிவை வியக்கிறோம்.

அந்தத் துணிவு நம் காலத்துக் கதைகளில் பாதிவழியில் நின்றுவிடுகிறது. ராகவா லாரன்ஸ் இயக்கி 2011இல் வெளிவந்த ‘காஞ்சனா’வைப் பாருங்கள். சரத்குமார் ஏற்ற காஞ்சனா ஒரு திருநங்கை. பெற்றோரால் துரத்தப்பட்டவள். தன்னைப் போன்ற இன்னொருத்தியை வளர்த்து மருத்துவராக்கி, ஏழைகளுக்கு மருத்துவமனை கட்ட நிலம் வாங்குகிறாள். அரசியல்வாதி ஒருவன் அந்நிலத்துக்காக அவளைக் கொல்கிறான். குடும்பம் குடும்பமாக மக்கள் இப்படத்தைப் பார்த்தனர். அவள் பழிவாங்கியபோது கைதட்டினர். 2020இல் இந்தியிலும் வந்தது. நல்லதே. ஆனால் அவள் உயிரோடிருந்த பகுதி படத்தில் எவ்வளவு? ஒரு முன்கதை. மீதி நேரமெல்லாம் அவள் ஓர் ஆணின் உடலில் புகுந்த ஆவி. முதற்பாதியில் நம்மைச் சிரிக்க வைக்கும் ஆவி.

நம் குற்றச்சாட்டு இதுதான். வழக்கத்துக்கு மாறான பெண்ணையோ ஆணையோ திருநங்கையையோ தமிழ்க் கதை கொன்ற பிறகே நடுவீட்டில் அமர வைக்கிறது. இறந்தவளுக்கு நியாயம் செய்வது எளிது. அவளுக்கு வாடகைக்கு வீடு தர வேண்டாம், வேலை தர வேண்டாம், மகளென்று ஏற்க வேண்டாம்.

‘உயிரோடிருப்பவளைப் பற்றி எழுதினால் குடும்பத்தார் வாசிக்கமாட்டார்கள்’ என்பர் பதிப்பாளர். சு. சமுத்திரம் 1990களிலேயே ‘வாடாமல்லி’ எழுதினார். அதன் நாயகி பேயல்லள், நம்மைப் போல் பசித்தும் வெட்கியும் வாழ்கின்ற திருநங்கை. லிவிங் ஸ்மைல் வித்யா தம் வாழ்வைத் தாமே எழுதினார். இவை வாசிக்கப்பட்டன. ஆகவே ஆவிக்காதல் எழுதும் நம் இளைய எழுத்தாளரிடம், அவர்களுள் நம் பங்குகளின் பெண்களும் இருப்பதை அறிந்தே, ஒன்று கேட்கிறோம். பேய் வரட்டும், அதைத் தடுக்க நாம் யார்? காட்டில் அவள் கழுத்தில் கை விழுவதற்கு முன்னுள்ள அத்தியாயங்களையும் எழுதுங்கள். அவள் யாரை விரும்பினாள், என்ன படித்தாள், எதற்குச் சிரித்தாள் என்று எழுதுங்கள். இயன்றால் ஒரு கதையிலேனும் அவளைக் காட்டின் மறுபுறம் உயிரோடு வெளியே கொண்டுவாருங்கள்.