"ஒத்துக்காது" என்றால் விட்டுவிடுங்கள்!

இரண்டு மாதங்களுக்கு முன் என் நாத்தனார் மகள் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்தாள். "காளான் எனக்கு ஒத்துக்காது அத்தை. போன தடவை உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு" என்றாள். நான்தான், "இது புத்துக் காளான் இல்லேடி, கோவில்பட்டியிலே வாங்கின பாக்கெட் காளான். பிகு பண்ணாம சாப்பிடு" என்று குழம்பை ஊற்றினேன்.

பத்தே நிமிடம்! உடம்பெங்கும் தடிப்பு. உதடு வீங்கி, குரல் கம்மி, மூச்சுக்குத் திணறினாள். பக்கத்து வீட்டு அம்மா மிளகுக் கஷாயம் வைக்க ஓடினார். நான் அலர்ஜி மாத்திரையைத் தேடினேன். நல்லவேளை, என் மகன் 108-க்கு போன் செய்துவிட்டான். ஆஸ்பத்திரியில் தொடையில் அட்ரீனலின் ஊசி போட்டார்கள். சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்று ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள்.

டாக்டர் விளக்கிய பிறகே எனக்குப் புரிந்தது. 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளானைச் சமைத்துச் சாப்பிட்ட 13 பேர் இறந்தார்களே, அது விஷக் காளான். யார் சாப்பிட்டாலும் ஆபத்து. அலர்ஜி அப்படியல்ல. ஊரே ருசித்துச் சாப்பிடும் நல்ல காளான், ஒருவருக்கு மட்டும் எமனாகிவிடும். முதலில் தடிப்போடு போனது, அடுத்த தடவை மூச்சையே அடைக்கலாம். அப்போது மாத்திரையும் கஷாயமும் போதாது. உடனே ஊசிதான் உயிர் காக்கும்.

பால், முட்டை, மீன், வேர்க்கடலை போன்றவை சேர்ந்திருந்தால் பாக்கெட்டில் அலர்ஜி எச்சரிக்கை போட வேண்டும் என்று நம் நாட்டில் விதி உண்டு. அந்தப் பட்டியலில் காளான் இல்லை. எனவே சூப் பாக்கெட் வாங்கும்போது, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று நாம்தான் வாசித்துப் பார்க்க வேண்டும்.

"ஒரு கரண்டிதானே" என்று வற்புறுத்துவதை நாம் உபசாரம் என்று நினைக்கிறோம். புகுந்த வீட்டில் மருமகள் "ஒத்துக்காது" என்றால், "ரொம்பத்தான் செல்லம்" என்று முகவாயைத் தோளில் இடித்துக் கொள்கிறோம். பாவம், அதற்குப் பயந்தே எத்தனை பெண்கள் வாய் மூடிச் சாப்பிடுகிறார்களோ!

சகோதரிகளே, யாராவது வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் கரண்டியைத் திருப்பி எடுத்துக் கொள்ளுங்கள். அன்று என் கையால் ஊற்றிய குழம்பை நினைத்தால், இன்றைக்கும் எனக்குக் குலை நடுங்குகிறது.

— ஒரு வாசகி, இளையரசனேந்தல்.