கறுத்தால் காந்தமா?

‘பசுமைத் தொகுப்பு’ என்று தலைப்பில் போட்டு வரும் நானோ ஆய்வுக்கட்டுரைகள் பலவற்றில் உள்ளே என்ன இருக்கும் என்று படிக்காமலே சொல்லிவிடலாம். வேம்பு, துளசி, முருங்கை, ஏதோ ஒரு இலை. கொதிக்கவைத்து வடிகட்டி இரும்பு உப்புக் கரைசலில் ஊற்ற வேண்டியது. கறுத்துப்போச்சா? காந்த நானோதுகள் ரெடி. கடைசிப் பத்தியில் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவும் என்று ஒரு வரி.

இலை மேல் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. அந்தக் கறுப்பை ஆதாரமாக நீட்டுவதுதான் எரிச்சல். கலம்காரியில் கடுக்காய் ஏறிய துணி மேல், வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் புளித்த நீரைத் தொட்டு எழுதினால் கோடு கன்னங்கரேல் என்று ஆகும். இரும்போடு கடுக்காயின் துவர்ப்பு சேர்ந்த சாயம் அது. காந்தத்தைக் காட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. இரும்பு உப்பில் தேயிலைச் சாறு ஊற்றும்போதும் முதலில் நடப்பது இதுதான்.

வெள்ளியில் பார்த்துப் பழகிய மயக்கம் இது. வெள்ளி அயனியின் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் +0.80 வோல்ட், இலையின் பாலிஃபீனால்கள் சுலபமாக அதை உலோகமாக்கிவிடும். ஃபெரஸ் அயனிக்கு −0.44. இலைச்சாறு அவ்வளவு தூரம் இழுக்காது. சரி, உலோகம் வேண்டாம், மேக்னடைட் போதும் என்றால் காரம் சேர்க்கணும். செய்முறைப் பகுதியைத் தேடிப் பாருங்கள், சோடியம் ஹைட்ராக்சைடு ஓரமாக உட்கார்ந்திருக்கும். ஃபெரஸ் ஒரு பங்கு, ஃபெரிக் இரண்டு பங்கு, தண்ணீர், காரம்: ரெனே மசார் 1981-இல் வெளியிட்ட வழியின் சாரமே இவ்வளவுதான். அதில் நச்சுக் கரைப்பான் ஏது? அப்போ இலை வந்து எதைப் பசுமையாக்கியது? (கரிமக் கரைப்பானில் 300 டிகிரி வரை சூடாக்கும் முறையோடு ஒப்பிட்டால் பேச இடமுண்டு. ஆனால் அந்த முறை தரும் ஒரே அளவுத் துகள்களை இலைச்சாற்றில் எடுப்பது கஷ்டம்.)

இதை ரத்தத்தில் ஏற்றணும் என்கிறார்கள். ஃபெருமாக்ஸிடால் என்ற இரும்பு ஆக்சைடு நானோமருந்து 2009-இல் அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு அனுமதி பெற்றது. அதன் மேலுறை இன்ன பொருள் என்று தெரிந்த, சர்க்கரையிலிருந்து செய்த ஒன்று. அப்படியும் உயிரைப் பறிக்கும் ஒவ்வாமைகள் வந்து, 2015-இல் கட்டம் கட்டிய எச்சரிக்கையை எஃப்.டி.ஏ. போடவைத்தது. ஆடி மாத வேம்பின் சாறும் தை மாத வேம்பின் சாறும் ஒன்றா? மரத்துக்கு மரம் மாறும் மேலுறையை யாருடைய நரம்பில் ஏற்றிப் பார்ப்பது?

ஆய்வு வழிகாட்டிகளிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. இலைச்சாறு இல்லாமல் காரத்தோடு ஒரு தடவை, காரம் இல்லாமல் இலைச்சாற்றோடு ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். இரண்டையும் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனில் வைத்து, காந்தமாக்கலையும் அளந்து, வந்தது எதுவானாலும் மாணவரை அப்படியே எழுத விடுங்கள்.