கிழிந்த ஓரத்துக்கு மதிப்பெண் குறைப்பவர்கள்

1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். ஆட்டம் முடிய ஒரு பந்துதான் மிச்சம் என்ற நிலையில் ஆஸ்திரேலியாவின் கிரெக் மேத்யூஸ் வீசிய பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆனார். 348 எடுக்க வேண்டிய இந்தியா 347-இல் நின்றது. டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது 'டை'. அந்த ஆட்டத்தின் டிக்கெட் ஒன்று காஞ்சிபுரம் பக்கம் மாகறலில் யாரோ ஒருவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேகரிப்பாளர்கள் அவருக்குச் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: அமெரிக்காவில் இருக்கும் பிஎஸ்ஏ போன்ற நிறுவனத்துக்கு அனுப்புங்கள், பத்துக்கு எவ்வளவு என்று மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் உறைக்குள் மூடித் தருவார்கள், அப்புறம்தான் அதற்கு மதிப்பு. டிக்கெட் எதற்காக அச்சிடப்படுகிறது என்பதையே மறந்துவிட்ட புத்திமதி இது.

இந்த மதிப்பெண் முறை முதலில் நாணயங்களுக்கும் பேஸ்பால் அட்டைகளுக்கும் வந்தது. அட்டையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து ஆல்பத்தில் வைத்தால் அதன் வேலை முடிந்தது. மூலை மழுங்கினால் அது குறைதான். டிக்கெட் அப்படியல்ல. வாசலில் கிழிபடுவதும், சட்டைப் பையில் மடங்குவதும், சென்னை வெயிலில் வியர்வை படுவதும் அது தன் வேலையைச் செய்ததற்கான தடயங்கள். மடிப்பே விழாத முழு டிக்கெட் என்றால் பெரும்பாலும் அதை வாங்கியவர் ஆட்டத்துக்கே போகவில்லை என்று பொருள். மதிப்பெண் போடுபவர் போகாதவருக்குப் பரிசும் போனவருக்கு அபராதமும் தருகிறார். பெரிய பணம் புரளும் சந்தையேகூட இதை முழுதாக ஏற்கவில்லை. 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில், மைக்கேல் ஜோர்டான் 1984-இல் முதன்முதலாக ஆடிய என்பிஏ கூடைப்பந்து ஆட்டத்தின் கிழிபடாத முழு டிக்கெட் 4,68,000 டாலருக்குப் போனது. அதே ஏலத்தில் 1947-இல் பேஸ்பால் வீரர் ஜாக்கி ராபின்சன் அறிமுகமான ஆட்டத்தின் கிழிந்த அடித்துண்டு 4,80,000 டாலருக்குப் போனது. வாங்கியவர்கள் காசு கொடுத்தது அந்த நாளுக்கும் அரிதான தன்மைக்கும். ஓரத்தின் அழகுக்கு அல்ல.

எண் போட்டால் அது அறிவியல் என்று நினைப்பவர்களுக்குக் காஞ்சிபுரம் பக்கமே பதில் இருக்கிறது. சேலைச் சரிகையை எக்ஸ்-கதிர் கருவியில் வைத்தால் வெள்ளி இவ்வளவு, செம்பு இவ்வளவு, தங்கம் இவ்வளவு என்று வரும். வேறு கருவியில் வைத்தாலும் ஏறக்குறைய அதேதான். டிக்கெட்டுக்குக் கிடைக்கும் எட்டும் ஒன்பதும் அளவு அல்ல, ஒருவருடைய அபிப்பிராயம். உறையை உடைத்து மறுபடி அனுப்பி அரை மதிப்பெண் கூடுதலாக வாங்குவதைச் சேகரிப்பாளர்கள் ஒரு தொழில்நுணுக்கமாகவே செய்கிறார்கள். பிஎஸ்ஏ முதன்முதலாக மதிப்பெண் போட்டதே பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் புகழ்பெற்ற அட்டைக்குத்தான், எட்டு கொடுத்தது. அதன் ஓரங்களை வெட்டிச் சீராக்கியதாக ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-இல் ஒப்புக்கொண்டார். போதாததற்கு, பொருளின் மதிப்பு ஏற ஏறக் கட்டணமும் ஏறுகிறது. தேர்வுத்தாள் திருத்துபவருக்கு மதிப்பெண்ணைப் பார்த்துச் சம்பளம் கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

போலிகளைத் தடுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அசலா போலியா என்பது வேறு, பத்துக்கு எத்தனை என்பது வேறு. எண் இல்லாமல் 'அசல்' என்று மட்டும் சான்றளிக்கும் வசதி அந்த நிறுவனங்களிடமே உண்டு. அசலை அறியவும் ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிகள் வேண்டும். 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்ற சேப்பாக்க ஆட்டத்தின் டிக்கெட்டை, அதன் தாளை, மையை, முத்திரையைப் பற்றிக் கலிபோர்னியாவில் பிஎஸ்ஏ மேசையில் இருப்பவரைவிடச் சென்னையில் பழைய டிக்கெட்டுகளைக் கையாண்டு பழகியவருக்கு அதிகம் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. உறை பாதுகாக்கும் என்பது இன்னொரு வாதம். கை படாமல் காக்கும், உண்மைதான். வெளிச்சத்தில் வைத்தால் மை மங்குவதை அது முழுதாகத் தடுக்காது. அமிலமற்ற தாளும் பாலியெஸ்டர் உறையும் இருட்டான பெட்டியும் போதும், செலவு சில நூறு ரூபாய். விற்கும்போது விலை கூடும் என்பதை மறுக்கவில்லை. வெளிநாட்டு ஏலத்தில் விற்கத் தீர்மானித்துவிட்டவர், டாலர் கட்டணமும் காப்பீடும் போக மிஞ்சும் என்று கணக்குப் போட்டுவிட்டு அனுப்பட்டும். மற்றவர்கள் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, டிக்கெட்டில் எழுதாமல் தனித்தாளில், யார் போனார், எந்த ஸ்டாண்டில் உட்கார்ந்தார், யாரோடு போனார் என்று வீட்டுத் தாத்தா உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி அதே பெட்டியில் வைக்கலாம். அந்த விவரத்தை எந்த நிறுவனமும் அச்சிட்டுத் தராது.