வைரஸ் அடங்கிவிட்டது, எதிர்ப்பு சக்தி திரும்பிவிட்டதா?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். 2004-ல் இங்கே தறியில் உட்காரும் ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று வைத்துக்கொள்வோம். அரசின் இலவச கூட்டு மருந்து அந்த ஆண்டு ஏப்ரல் 1-ம் தேதிதான் தொடங்கியது. அதை வாங்க அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு தாம்பரம் சானடோரியம் போக வேண்டும். போனாலும் உடனே கிடைக்காது. ரத்தத்தில் சிடி4 அணுக்கள் 200-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், அல்லது நோய் முற்றியிருக்க வேண்டும். ‘உடம்பு நல்லா கெட்ட பிறகு வா’ என்பதுதான் அன்றைய விதி. மருந்து குறைவு, பக்கவிளைவு அதிகம் என்பதால் உலகம் முழுக்கவே அப்படித்தான் நடந்தது.

அந்த விதி இப்போது இல்லை. 2017 முதல் சிடி4 எவ்வளவு இருந்தாலும், எச்.ஐ.வி. உறுதியானால் இந்தியாவில் சிகிச்சை உண்டு. தினமும் ஒரே ஒரு மாத்திரை. அப்படியிருந்தும் 200-க்குக் கீழே போன பிறகே மருத்துவமனைக்கு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அன்று தடுத்தது விதி. இன்று தடுப்பது ‘யாராவது பார்த்துட்டா?’ என்ற பயம்.

இந்தத் தாமதத்துக்கு உடம்பு கொடுக்கும் விலை என்ன? மாத்திரை செய்யும் வேலை ஒன்றுதான்: வைரஸ் பெருகாமல் தடுப்பது. அதை வேகமாகவே செய்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் சில மாதங்களிலேயே பெரும்பாலானவர்களுக்கு வைரஸ் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த நிலையைத் தக்கவைத்தால் பாலுறவு வழியாக அடுத்தவருக்குத் தொற்றாது. இது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால், வைரஸ் ஏற்கெனவே அழித்துவிட்ட அணுக்களை மாத்திரை உருவாக்கித் தராது. அது உடம்பே செய்ய வேண்டிய வேலை.

ஆரோக்கியமானவருக்கு சிடி4 சுமார் 500 முதல் 1,500 வரை இருக்கும். சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில் எண்ணிக்கை சட்டென்று ஏறும். பார்க்க சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த ஏற்றத்தில் ஒரு பங்கு புது அணுக்கள் அல்ல. நிணநீர்க் கணுக்களில் தங்கியிருந்த பழைய அணுக்கள் ரத்தத்துக்குத் திரும்பி வருபவை. புதிய அணுக்கள் தயாராவது நெஞ்சுக்கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில். வயது ஏற ஏற அது சுருங்கிவிடும். குடலின் உட்சுவரிலும் நிணநீர்க் கணுக்களிலும் வைரஸ் ஏற்படுத்திய சேதம் எளிதில் ஆறாது. அதனால்தான் 400-ல் தொடங்கிய இளைஞர் இயல்பு நிலைக்குத் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது; 50 வயதில், சிடி4 80-ல் தொடங்கியவருக்கு அது பல வருடப் பயணம். சிலருக்கு வைரஸ் முழுசாக அடங்கிய பிறகும் எண்ணிக்கை பாதியிலேயே நின்றுவிடும். ‘மாத்திரையை சரியா போடலையா?’ என்று அவர்களைத் திட்டுவது அநியாயம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. காசநோய் அதிகமுள்ள நம் நாட்டில், எதிர்ப்பு சக்தி சரிந்தவரின் உடம்பில் காசநோய்க் கிருமி சத்தமில்லாமல் இருக்கலாம். மாத்திரை தொடங்கியதும் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு அதன் மேல் பாயும். காய்ச்சல், நெறிக்கட்டி, மூச்சுத்திணறல் வரலாம். ‘மருந்து ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் தவறு செய்கிறார்கள். உடம்பு மீளும்போது வரும் பிரச்சினை அது. உடனே மருத்துவரிடம் போனால் சமாளிக்கலாம். இதைத் தவிர்க்கத்தான் முதலில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்; இருந்தால் அதற்கான மருந்தை முன்கூட்டியே தொடங்குகிறார்கள்.

நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டால் என்ன என்ற கேள்விக்கு 2006-லேயே பதில் கிடைத்துவிட்டது. 5,472 பேரிடம் நடந்த ‘ஸ்மார்ட்’ ஆய்வில், சிடி4-ஐப் பார்த்து இடைவெளி விட்டவர்களிடம் நோயும் மரணமும் அதிகரித்தன. 2015-ல் வெளியான ‘ஸ்டார்ட்’ ஆய்வு 35 நாடுகளில் 4,685 பேரைப் பின்தொடர்ந்தது. சிடி4 500-க்கு மேல் இருக்கும்போதே தொடங்கியவர்களுக்கு, கடுமையான நோய் அல்லது மரணத்துக்கான ஆபத்து பாதிக்கும் கீழே குறைந்தது.

எல்லோருக்கும் மாத்திரை என்றான பிறகு சிடி4 பரிசோதனை எதற்கு, வைரஸ் அளவைப் பார்த்தால் போதாதா என்ற பேச்சு எழுகிறது. சிக்கனக் கணக்கு போடுபவர்களுக்கு அது வசதியான வாதம். ஆனால் முதல் நாளில் 80-ல் நிற்பவர் யார், 400-ல் நிற்பவர் யார் என்று தெரியாவிட்டால், யாருக்குக் கூடுதல் கண்காணிப்பு, யாருக்குத் தடுப்பு மருந்து என்று எப்படி முடிவு செய்வது? தொடக்கத்திலாவது சிடி4 பரிசோதனை எல்லோருக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது. அன்று பரிசோதிக்க மாதிரிகளை வேலூருக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. இன்று அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்பதும், எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டி பாரபட்சமாக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பதும் 2018 செப்டம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.