உம்மாவிடம் மட்டும் ஏன் இந்த விசாரணை?

நமது மேடைகளிலும் சஞ்சிகைகளிலும் ஒரு பல்லவி ஓயாமல் கேட்கிறது. பிள்ளைகளை விட்டு வெளிநாடு போன தாய்மாரால்தான் சமூகம் சீரழிகிறதாம். இதைச் சொல்கிறவர்களே, டோஹாவிலும் டுபாயிலும் மனைவி மக்களோடு வாழும் பொறியியலாளரையும் கணக்காளரையும் குடும்பத்தைப் பிரியாதவர்கள் என்று மெச்சுகிறார்கள். இந்த இரட்டை அளவுகோல் நியாயமானதா?

வளைகுடாவில் குடும்பமாக வாழ்வதைத் தீர்மானிப்பது பாசமல்ல, சம்பளம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019 இல் வந்த விதிப்படி, குடும்பத்தை அழைக்க மாதம் 4000 திர்ஹம், அல்லது தங்குமிடத்துடன் 3000 திர்ஹம் சம்பளம் வேண்டும். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. அவள் எசமானின் பிள்ளையைக் குளிப்பாட்டி உறங்க வைக்கிறாள். அவள் பெற்றதை ஊரில் மூத்தம்மா உறங்க வைக்கிறாள்.

கதவைத் தாண்டியவர்களின் நிலையும் உறுதியானதல்ல. சவூதி அரேபியா 2017 ஜூலையில் வெளிநாட்டவரின் மனைவி, பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. ஆண்டுக்கு ஆண்டு கூடி 2020 இல் அது 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் மாதம் 1600 ரியால். கட்ட முடியாதவர்கள் குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கெல்லாம் அன்று பாசம் வற்றிப்போனதா?

நமது அரசும் தாயையே குறிவைத்தது. மூதூர் றிசானா நபீக் 2005 இல் சவூதிக்குப் போனபோது வயது 17. கடவுச்சீட்டில் வயது கூட்டப்பட்டிருந்தது. 2013 ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டில் குடும்பப் பின்னணி அறிக்கை வந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்றார்கள். றிசானா தாயல்ல, அவரே ஒரு பிள்ளை. தடை விழுந்ததோ தாய்மார் மீது. தகப்பனிடம் எவரும் அறிக்கை கேட்கவில்லை. 2022 இல் நாடு டொலருக்குத் தவித்தபோது அந்த வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய் தேவைப்படுவது அந்த ஆண்டோடு நின்றுவிட்டதா?

பிள்ளைகள் பாதிக்கப்படவில்லை என்று நான் வாதிடவில்லை. கோமாரியில் உம்மா போன வீடும் உண்டு, அம்மா போன வீடும் உண்டு. அந்தப் பிள்ளைகளின் முகத்தை வகுப்பறையில் தினமும் காண்கிறவன் நான். ஆனால் வாப்பா போன வீட்டுப் பிள்ளையும் அதே வாங்கில்தான் இருக்கிறது. அதன் துயரத்துக்காக எவரும் வாப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

எழுத்தாளர்களிடம் எனக்கு ஒரு வழக்குண்டு. ஐரோப்பாவுக்குப் போனவரின் தனிமையைப் புலம்பெயர் இலக்கியம் என்கிறோம். பணிப்பெண்ணின் தனிமையை ஒழுக்கப் பிரச்சினை ஆக்குகிறோம். அவள் அனுப்பிய பணத்தில் எழுந்த கல்வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டே அவளுக்குத் தீர்ப்பு எழுதுகிறோம்.

தீர்ப்பை நிறுத்துவோம். அவள் பிள்ளைக்குப் பின்னேரம் பாடம் சொல்லிக் கொடுக்க ஊரில் ஓர் ஏற்பாடு, பள்ளிவாசலும் கோவிலும் பாடசாலையும் சேர்ந்து அந்தப் பிள்ளையை விசாரிக்கும் ஒரு வழக்கம், தகப்பனிடமும் அதே கேள்வி. இவற்றைச் செய்துவிட்டு அவளைப் பற்றிப் பேச வாருங்கள்.