பட்டை தீட்ட வேண்டாம்

பாஸ்போபிலைட்டைப் பட்டை தீட்டி நகைக்கல்லாக்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை. துத்தநாகமும் இரும்பும் நீரும் சேர்ந்த இந்தப் பாஸ்பேட் கனிமத்தின் நல்ல படிகங்கள், ஆழமில்லாத கடலைப் போல நீலப்பச்சையாக இருக்கும். மோஸ் அளவில் கடினம் 3 முதல் 3.5 தான், பேனாக்கத்தியே கீறிவிடும். அதைவிடக் கவலை தருவது ஏடு ஏடாகப் பிளக்கும் குணம். பெயரே அதைச் சொல்கிறது: கிரேக்கத்தில் 'பிலான்' என்றால் இலை. முதலில் அறியப்பட்டது ஜெர்மனியின் பவேரியாவில். ஆனால் சேகரிப்பாளர்கள் உயிரை விடும் படிகங்கள் கிடைத்தது பொலிவியாவின் பொட்டோசியில், செர்ரோ ரிக்கோ மலையில். 1545இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்ட நாள் முதல் எத்தனையோ சுரங்கத் தொழிலாளர்களைப் பலிகொண்ட மலை அது. அந்த இருட்டிலிருந்து இவ்வளவு மெல்லிய ஒன்று உடையாமல் மேலே வந்ததே பெரிய காரியம். அதைக் கொண்டுபோய்ச் சாணையில் வைக்க எப்படி மனம் வருகிறது? விரலில் அணிந்தால் ஒரு தட்டுக்குத் தாங்காது. கையில் முழுப் படிகம் வைத்திருப்பவர்களே, அதை வெட்டக் கொடுக்காதீர்கள்; வைத்துக் காக்க முடியாவிட்டால் ஓர் அருங்காட்சியகத்திடம் ஒப்படையுங்கள்.